ஏர் இந்தியா டாடா கைக்குப் போன பிறகு நிஜமாகவே மாறியிருக்கிறதா? அப்பா அம்மாவுக்கு லண்டன் டிக்கெட் போட வேண்டும்

தாம்பரம்_பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். நான் லண்டன் பக்கம் ரெடிங்கில் இருக்கிறேன். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68. இரண்டு பேரும் முதல் முறையாக இங்கே வருகிறார்கள். சென்னையிலிருந்து நேராக வருகிற விமானம் எங்கள் கைக்கு எட்டவில்லை, டெல்லி வழியாக ஏர் இந்தியாவில் பார்த்தால் கணிசமாகக் குறைவாக இருக்கிறது, அதோடு வழியில் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தால் நம் ஊர் ஆட்கள் இருப்பார்கள் என்று ஒரு தைரியமும் இருக்கிறது.

பிரச்சினை வீட்டுக்குள்தான். அப்பாவுக்கு ஏர் இந்தியா என்றால் ஒரு தனிப் பாசம். சின்ன வயதில் பெரியப்பா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மகாராஜா படம் போட்ட காலண்டரை இன்றைக்கும் சொல்லுவார், தலைப்பாகை எந்தக் கலர், மீசை எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்பது வரைக்கும். "டாடா திரும்ப வாங்கிவிட்டார்கள், சேர்மன் நம்ம மோகனூர் சந்திரசேகரன், இனிமேல் என்ன பயம், போடு டிக்கெட்டை" என்கிறார். அம்மா வாயே திறப்பதில்லை. அகமதாபாத் விபத்து நடந்த அன்று டிவி முன்னால் உட்கார்ந்தவள் ராத்திரி வரை எழுந்திருக்கவில்லை. அதுவும் லண்டனுக்குக் கிளம்பிய விமானம்தானே. "உன்னைப் பார்க்கத்தானே அவங்களும் கிளம்பியிருப்பாங்க" என்று ஒரு தடவை சொன்னாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். விளம்பரத்தில் காட்டுகிற புது லோகோ, புது யூனிஃபார்ம் எல்லாம் சரி, உள்ளே நிஜமாக என்ன மாறியிருக்கிறது? வயதானவர்களை நம்பி ஏற்றலாமா? துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் பட்டென்று சொல்லுங்கள், எனக்கு ஆறுதல் வார்த்தை வேண்டாம்.

ஹேங்கர்_ராத்திரி_ஷிஃப்ட்:

சகோதரி, நான் விமானப் பராமரிப்பில் 19 வருஷமாக இருக்கிறேன், ஏர் இந்தியாவில் இல்லை, வேறு இடத்தில். எனக்கு அந்தக் கம்பெனி மேல் பாசமும் இல்லை, பகையும் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் ஏறப்போவது ஏர் இந்தியா என்கிற கம்பெனியில் இல்லை, ஒரு குறிப்பிட்ட விமானத்தில். இப்போது அந்தப் பெயரில் பறப்பவை பல தலைமுறை விமானங்கள். அரசாங்கம் நடத்திய காலத்தில் 2012லிருந்து வந்த போயிங் 787-8கள், அதற்கும் முந்தைய 777கள், டாடாவின் இன்னொரு ஏர்லைன்ஸாக இருந்த விஸ்தாராவிலிருந்து வந்த 787-9கள், புத்தம் புது ஏர்பஸ் ஏ350கள். அமெரிக்காவின் டெல்டா முன்பு ஓட்டிய 777-200எல்ஆர்களையும் குத்தகைக்கு எடுத்தார்கள். வெளியே எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். உள்ளே போய் உட்கார்ந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. அதனால்தான் ஒருத்தர் "அருமை" என்று எழுதுவார், அடுத்தவர் "இனி ஏறவே மாட்டேன்" என்று எழுதுவார், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். டாடா 2022 ஜனவரி 27 அன்று சாவியை வாங்கியபோது நிறைய விமானங்கள் உதிரிபாகம் இல்லாமல் தரையில் நின்றன. எங்கள் தொழிலில் பணம் இல்லாத கம்பெனி என்ன செய்யும் தெரியுமா, நிற்கிற விமானத்திலிருந்து கழற்றிப் பறக்கிற விமானத்தில் மாட்டும். ஒரு பம்ப், ஒரு வால்வு, அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, இப்படியே போய் ஆறு மாதத்தில் அந்த நிற்கிற விமானம் எலும்புக்கூடாகிவிடும். கழற்றி மாட்டுவது சட்டப்படி தப்பில்லை, காகிதம் சரியாக இருந்தால் போதும். ஆனால் அப்படி நின்றதை மறுபடி எழுப்புவது புது விமானம் வாங்குவதைவிடப் பொறுமை கேட்கிற வேலை. புது நிர்வாகம் முதலில் இறங்கியது இதில்தான், நீண்ட நாளாக நின்ற பல விமானங்களை மறுபடி பறக்க வைத்தார்கள். அது விளம்பரத்தில் வராது. என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததில் உருப்படியான வேலை அதுதான்.

சீட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அப்பா அம்மாவுக்கு முதலில் தெரியப்போவது அதுதான். ஒரு எகானமி சீட்டின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு சின்ன ஒயர் கட்டு போகும், ரிமோட்டுக்கும் விளக்குக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிரக்கணக்கான பேர் அந்தக் கைப்பிடியைத் தூக்கி இறக்கினால் அந்த ஒயர் மடிகிற இடத்தில் நைந்துபோகும், ஸ்கிரீன் வேலை செய்யாது. சாய்வதற்கான சிலிண்டரில் எண்ணெய் கசியும். தட்டை மூடிவைக்கிற அந்தப் பிளாஸ்டிக் கொக்கி உடையும். சல்லிசான சாமான்தான், ஆனால் அதைச் செய்தவர் அந்த மாடலையே நிறுத்தியிருப்பார், வேறு கொக்கியை நாமே கடைந்து மாட்ட முடியாது, அங்கீகாரம் உள்ள பாகம்தான் மாட்ட வேண்டும். அதுவரைக்கும் சீட் மேல் "இன்ஆப்", அதாவது வேலை செய்யாது, என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்த ஸ்டிக்கரைத்தான் பயணிகள் படம் எடுத்துப் போடுகிறார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை.

புது சீட்டையே போட்டுவிடலாமே என்றால், ஒரு விமான சீட் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசை தாக்கினாலும் பிய்த்துக்கொண்டு வரக்கூடாது என்று சோதித்துச் சான்று வாங்க வேண்டும், அதைச் செய்கிற கம்பெனிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான், அவர்களிடம் எல்லா ஏர்லைன்ஸும் வரிசையில் நிற்கிறது. 40 கோடி டாலர் ஒதுக்கி உட்புறத்தை மாற்றப் போகிறோம் என்று 2022லேயே அறிவித்தார்கள். சின்ன விமானமான ஏ320நியோவில் முதலாவது வேலைக்குப் போனது 2024 செப்டம்பரில். 787-8 முதல் விமானம் கலிஃபோர்னியாவில் உள்ள விக்டர்வில்லுக்குப் போனது 2025 ஜூலையில். மொத்தம் 26 இருக்கிறது, எல்லாம் ஒரே நாளில் முடியாது.

ஏ350 மட்டும் எப்படிச் சீக்கிரம் வந்தது என்று கேட்டால், முதலில் வந்த ஆறும் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகத் தயாரானவை. உக்ரைன் போருக்குப் பிறகு வந்த தடையால் அவர்களுக்குப் போகவில்லை, ஏர் இந்தியா எடுத்துக்கொண்டது. முதல் விமானம் 2023 டிசம்பரில் வந்தது, எகானமி 264, பிரீமியம் எகானமி 24, பிசினஸ் 28, ஆக 316 சீட். 2024 செப்டம்பரிலிருந்து டெல்லி–லண்டன் ஹீத்ரோவுக்கு அதை விட்டார்கள். உங்கள் வழிதான், டிக்கெட் போடும்போது எந்த விமானம் என்று பாருங்கள். ஏ350 அல்லது 787-9 என்றிருந்தால் சீட் பற்றி யோசிக்க வேண்டாம். 787-8 என்றிருந்தால் உட்புறம் மாற்றியதா பழசா என்பது அன்றைக்கு வருகிற விமானத்தைப் பொறுத்தது.

அகமதாபாத். நீங்கள் பட்டென்று சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். 2025 ஜூன் 12, ஏஐ 171, 2014ல் வாங்கிய 787-8. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர், கீழே மருத்துவக் கல்லூரி விடுதிப் பக்கம் இருந்தவர்களையும் சேர்த்தால் மொத்தம் 260 பேர். ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கையில், மேலே கிளம்பிய சில வினாடிகளில் இரண்டு இன்ஜினின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு வினாடி இடைவெளியில் 'ரன்' நிலையிலிருந்து 'கட்ஆஃப்' நிலைக்குப் போனதாக இருக்கிறது, ஒரு பைலட் ஏன் கட் பண்ணினீர்கள் என்று கேட்க மற்றவர் நான் பண்ணவில்லை என்று சொன்னதாகவும் இருக்கிறது. எப்படிப் போனது, ஏன் போனது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. டிவியில் சொல்கிற கதை எதையும் நான் இங்கே சொல்ல மாட்டேன், இறந்தவர்களுக்கு அது மரியாதை இல்லை. விபத்துக்குப் பிறகு சில வாரம் பெரிய விமானங்களின் வெளிநாட்டுச் சேவையை 15 சதவீதம் குறைத்துச் சோதனை செய்தார்கள். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ தனியாக, பைலட்டுகளுக்கு டியூட்டி போடுவதில் விதிமீறல் என்று மூன்று அதிகாரிகளை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கச் சொன்னது. அந்த இரண்டாவது விஷயம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. உடைந்த கொக்கியை விடுங்கள், தூக்கம் இல்லாத பைலட்தான் ஆபத்து. அதைக் கண்டுபிடித்துத் தட்டிக் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் எனக்கு நிம்மதி.

நான் என் அம்மாவை ஏற்றுவேனா? ஏற்றுவேன்.

வரவு_செலவு:

ஹேங்கர் அண்ணா சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "டாடா வாங்கிவிட்டார்கள், இனிமேல் என்ன பயம்" என்று அப்பா சொல்கிறாரே, அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

டாடா 18,000 கோடிக்கு வாங்கினார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் ரொக்கமாக அரசாங்கத்துக்கு வந்தது 2,700 கோடி. மீதி 15,300 கோடி, கம்பெனியோடு சேர்த்து அவர்கள் ஏற்றுக்கொண்ட கடன். 2021 ஆகஸ்ட் கடைசியில் மொத்தக் கடன் 61,562 கோடி. கழித்துப் பாருங்கள், 46,262 கோடி அரசாங்கத்தின் ஒரு தனிக் கம்பெனி தலையில் போய் உட்கார்ந்தது. அதாவது நம் தலையில். நிலம், கட்டிடம் கொஞ்சம் அரசாங்கத்திடமே நின்றது, மும்பை நரிமன் பாயிண்டில் இருக்கிற அந்தப் பெரிய கட்டிடத்தை மகாராஷ்டிர அரசு 1,601 கோடிக்கு எடுத்துக்கொண்டது. ஆனாலும் அந்தக் கடனுக்கு முன்னால் அது எவ்வளவு?

விற்றது தப்பு என்று சொல்ல வரவில்லை. 2018ல் 76 சதவீதத்தை விற்கப் பார்த்தார்கள், ஒருத்தர்கூடக் கேட்டு வரவில்லை. தினமும் சுமார் 20 கோடி நஷ்டம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே வைத்திருந்தால் கடன் இன்னும் ஏறியிருக்கும், அவ்வளவுதான். என் மனசில் உறுத்துவது வேறு. கடனை இறக்கிவைத்துவிட்டுக் கொடுத்த பிறகும் கம்பெனி லாபத்துக்கு வரவில்லை. 2023 பிப்ரவரியில் 470 விமானம் ஆர்டர், 2024 டிசம்பரில் இன்னும் 100. ஒவ்வொன்றும் வந்து சேரும்வரை பழையதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும், பழையதற்குச் செலவு அதிகம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகிற ஒவ்வொரு விமானமும் சுற்றிப் போக வேண்டியதாயிற்று, எரிபொருளும் கூட, நேரமும் கூட. அமெரிக்கா போகிற சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போயின. டெல்லி–வாஷிங்டன் சேவையை 2025 செப்டம்பரில் நிறுத்தியே விட்டார்கள். 25.1 சதவீதம் வைத்திருக்கிற சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் லாபத்தையும் இந்த நஷ்டம் இழுத்துக்கொண்டு போகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதலாளி நல்லவர் என்பது ஒரு கணக்கு, தொழில் நிற்குமா என்பது வேறு கணக்கு. உள்நாட்டில் இண்டிகோ பாதிக்கு மேல் சந்தையைக் கையில் வைத்திருக்கிறது. அவர்கள் 2006ல் ஆரம்பித்தபோது சுமக்கப் பழைய மூட்டை எதுவும் இல்லை. கிங்ஃபிஷரும் ஜெட் ஏர்வேஸும் கண்ணெதிரே மூடிப்போனதைப் பார்த்தவர்கள் நாம். டாடாவுக்குப் பணபலம் இருக்கிறது, அப்படி நடுவழியில் விட்டுவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். இப்போது டிக்கெட் போடுகிறவருக்கு அந்தப் பயம் தேவையில்லை, போடுங்கள் தங்கச்சி.

மட்டக்களப்பு_மைந்தன்:

நான் இலங்கைக்காரன், இதை வாசிக்கும்போது எங்கட நிலைமை ஞாபகம் வருது. 1998ல் எமிரேட்ஸ் வந்து பங்கு வாங்கி, எயார் லங்கா என்ற பெயரை ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்று மாத்தி, பத்து வருஷம் நடத்தினவை. புது விமானம், புது ஒழுங்கு எல்லாம் வந்தது, சனம் பெருமையாகத்தான் கதைச்சது. 2008ல் நிர்வாகம் அரசாங்கத்திட்டத் திரும்பி வந்தது, அதோட நஷ்டமும் வந்தது, இன்றைக்கு வரைக்கும் அந்தக் கடனைச் சனம்தான் சுமக்குது. விக்க வெளிக்கிட்டும் சரிவரேல்ல.

ஆனபடியால் ஒண்டு மட்டும் சொல்லுறன், ஒரு விமானக் கம்பனிக்கு முதலாளி மாறினது பெரிசில்லை, அந்த முதலாளி எத்தினை வருஷம் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு நிப்பார் எண்டதுதான் விசயம். டாட்டா நிப்பினம் போலத்தான் தெரியுது.

தாம்பரம்_பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. ஹேங்கர் அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். கைப்பிடிக்குள் ஒயர் போகும் என்ற இடத்தில் நிறுத்தி "திரும்பப் படி" என்றார்.

இன்னொரு கேள்வி. விமானத்தைப் பற்றிச் சொன்னீர்கள், பணத்தைப் பற்றிச் சொன்னீர்கள். ஆட்கள்? அரசாங்க வேலையாக இருந்தபோது இருந்தவர்கள்தானே இப்போதும் இருக்கிறார்கள். தனியார் கைக்குப் போனதும் வேலையில் இருந்தவர்கள் மனநிலை என்ன ஆகியிருக்கும்? அம்மா மாதிரி ஆங்கிலம் ஓடாத ஒருத்தருக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர்கள் இருப்பார்களா?

மீனம்பாக்கம்_வாரிசு:

இந்தக் கேள்விக்காகத்தான் உள்ளே வந்தேன். என் அப்பா பழைய இந்தியன் ஏர்லைன்ஸில் மீனம்பாக்கத்தில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏர் இந்தியா என்று நாம் சொல்வதில் பாதி உண்மையில் இந்தியன் ஏர்லைன்ஸ்தான். 1953ல் தேசியமயமாக்கியபோது உள்நாட்டுக்கு எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்று இரண்டாக வைத்தார்கள். ஜே.ஆர்.டி. டாடாதான் 1978 வரை ஏர் இந்தியாவின் தலைவர், அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் இருபத்தைந்து வருஷம் அவர் கையில்தான் இருந்தது. உங்கள் அப்பா நினைவில் வைத்திருக்கிற அந்த நல்ல காலம் முழுக்க அரசாங்கச் சொத்தாக இருந்த காலம்தான். தனியார் என்றால் ஒழுங்கு, அரசு என்றால் குப்பை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

கெட்டது 2007ல் என்பார் அப்பா. இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அதற்கு முன்பே இரண்டுமாகச் சேர்ந்து 111 விமானத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள், ஏர் இந்தியாவுக்கு 68, இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43. கடன் ஒரு பக்கம். ஆட்களைச் சேர்ப்பது அதைவிடக் கஷ்டம். இவர்களுக்கு ஒரு சம்பள முறை, அவர்களுக்கு ஒரு முறை, யார் சீனியர், யார் 787 ஓட்டப் பயிற்சிக்குப் போவது, இதை ஐந்து வருஷம் கழித்து 2012ல்தான் தர்மாதிகாரி கமிட்டி உட்கார்ந்து எழுதியது. அதே வருஷம் பைலட்டுகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கவுண்டரில் நிற்கிற ஆள் சிடுசிடுவென்று இருக்கிறார் என்றால் அவர் மனசில் இவ்வளவும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது டாடா செய்திருப்பது அதைவிடப் பெரிய சேர்ப்பு, இரண்டை இல்லை, நாலைச் சேர்த்திருக்கிறார்கள். ஏர்ஏசியா இந்தியாவை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு 2024 அக்டோபர் 1ல், விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு நவம்பர் 12ல். 2024 மே மாதம் எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு விமானங்கள் ரத்தானது ஞாபகம் இருக்கும், பிரச்சினை இதே சேர்ப்புதான். ஆனால் 2007 போல வருஷக்கணக்கில் இழுக்கவில்லை, அதை நான் கவனித்தேன். வாங்கும்போதே ஒரு வருஷத்துக்கு யாரையும் வேலையை விட்டு அனுப்பக்கூடாது என்று நிபந்தனை இருந்தது. அப்புறம் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், நிறையப் பேர் போனார்கள், இளம் பிள்ளைகள் நிறைய வந்தார்கள்.

ஒன்று சொல்கிறேன். 2024 அக்டோபர் 11 சாயங்காலம் திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறு என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றியது. 141 பேர். டிவியில் அந்த வட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்பா எழுந்து நின்றுகொண்டே பார்த்தார். "ஏன் சுத்துறான்னு பயப்படாதே, 737ல எண்ணெயைக் கீழே கொட்ட வழி கிடையாது, எரிச்சுத்தான் எடையைக் குறைக்கணும், அவன் சரியாத்தான் செய்றான்" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் இரண்டு கையும் நாற்காலி முதுகை விடவில்லை. ராத்திரி எட்டே கால் வாக்கில் பத்திரமாக இறங்கியதும் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். ஓய்வு பெற்று எத்தனை வருஷம் ஆனாலும் "நம்ம விமானம்" என்று பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே வேலையில் இருப்பவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

உங்கள் அம்மாவுக்குத் தமிழ் பேச ஆள் கிடைப்பார்களா என்று உறுதி சொல்ல முடியாது. சென்னை–டெல்லி விமானத்தில் வாய்ப்பு அதிகம்.

குரோய்டன்_அக்கா:

நான் இரண்டு முறை மாமியாரை டெல்லி வழியாக வரவழைத்திருக்கிறேன், ஒரு முறை ஏ350ல். நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தார். விமானத்தில் திரையைத் தொட்டுப் பார்க்கக்கூடப் பயம் அவருக்கு, பக்கத்து சீட்டுப் பெண் மேப் மட்டும் வைத்துக்கொடுத்திருக்கிறாள், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அந்தச் சின்ன விமானப் படம் நகர்வதையே பார்த்துக்கொண்டு வந்தாராம். "கடல் வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

வேலைக்கு ஆகிற விஷயம் மட்டும் சொல்கிறேன். சென்னை–டெல்லி, டெல்லி–லண்டன் இரண்டையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள், தனித்தனியாகப் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒரே பிஎன்ஆர் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் நேராக லண்டன் வந்துவிடும். இரண்டு பேருக்கும் வீல்சேர் போடுங்கள், நன்றாக நடப்பார்கள் என்றாலும் போடுங்கள். டெல்லி மூன்றாவது டெர்மினலில் நடக்கிற தூரம் சாதாரணம் இல்லை, இமிகிரேஷனும் அங்கேதான், வீல்சேர் தள்ளுகிறவர் கூடவே இருந்து கேட் வரை கொண்டுபோய் விடுவார். உங்கள் அம்மாவின் மொழிப் பிரச்சினைக்கும் அதுதான் வழி. சைவம் என்றால் ஏசியன் வெஜிடேரியன் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். உங்கள் விலாசம், ஃபோன் நம்பரை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள், ஹீத்ரோ இமிகிரேஷனில் கேட்டால் அதை நீட்டலாம். விஸ்தாரா சேர்ந்த புதிதில் விமான எண் ஏஐ 2 என்று ஆரம்பிக்கிற நாலு இலக்கமாக இருந்தால் அது பழைய விஸ்தாரா விமானம், சென்னை–டெல்லிக்கு நான் அப்போது அதைத்தான் தேடிப் போட்டேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. திரும்பிப் போகும்போது லண்டனிலிருந்து கிளம்புகிற எந்த ஏர்லைன்ஸாக இருந்தாலும் பிரிட்டன் சட்டம்தான் செல்லும். அவர்கள் தப்பால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 520 பவுண்ட் வரை நஷ்டஈடு கேட்கலாம், ஏர் இந்தியாவுக்கும் இது பொருந்தும். வருகிற பக்கம் இது கிடையாது, அங்கே டிஜிசிஏ விதிதான். போர்டிங் பாஸைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

தாம்பரம்_பொண்ணு:

அக்கா, வீல்சேர் யோசனை எனக்கு வரவே இல்லை. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், "நான் என்ன நோயாளியா" என்பார், அம்மாவுக்குத் துணைக்கு என்று சொல்லித்தான் போட வேண்டும்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் நானே பேசினேன். எதையும் மறைக்கவில்லை, ஹேங்கர் அண்ணா எழுதிய மாதிரியே, என்ன நடந்தது, எது இன்னும் தெரியவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அந்தப் பைலட்டுக்குத் தூக்கம் இருக்கான்னு பாக்க ஆள் இருக்காங்கன்னு எழுதியிருக்காரே, அது நெஜந்தானே" என்று கேட்டாள். நிஜம் என்றேன். சரி, போடு என்றாள்.

ஏ350 காட்டுகிற நாளாகப் பார்த்து வைத்திருக்கிறேன். டெல்லியில் இறங்கி அடுத்தது ஏற இடையில் இரண்டே முக்கால் மணி நேரம் வருகிறது. அதற்கு முந்தைய சென்னை விமானத்தில் போனால் ஐந்து மணி நேரம். எது நல்லது?

ஹேங்கர்_ராத்திரி_ஷிஃப்ட்:

ஐந்து மணி நேரம் உள்ளதையே போடுங்கள். முதல் தடவை வருகிறார்கள், காலை விமானம் பனியில் மாட்டினாலும் பதற வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றவும் செய்வார்கள், கிளம்புகிற முதல் நாள் ராத்திரி ஒரு தடவை எந்த விமானம் என்று பார்த்துவிட்டு சீட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பகல் பயணமாக இருந்தால் அம்மாவை இறக்கைக்கு முன்னால் உள்ள ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், அப்பாவை நடுவில். பின்னால் போகப் போக ஆட்டம் கொஞ்சம் கூடத் தெரியும்.